புகையை விட்டாச்சு, நிக்கொட்டினை என்ன செய்யப்போகிறீர்கள்?

லண்டனிலும் லண்டனைச் சுற்றியும் சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறிய எங்கள் சனத்துக்கு,

பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்யும் தம்பிமார், கடை நடத்தும் அண்ணன்மார், ஊபர் ஓடுபவர்கள், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கார் பார்க்கில் நின்று இழுக்கும் ஓரிரு அக்காமார், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். கிழக்கு லண்டனில் ஒரு பார்மசிக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் நான். சிகரெட்டிலிருந்து இந்தப் பக்கம் வந்தவனும்தான்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல்தான் உங்கள் பாடு. வீட்டில், "உதுவும் சிகரெட்டும் ஒண்டுதான், பேர்தான் வேற" என்கிறார்கள். வெளியே சிநேகிதன், "மச்சான், இது வெறும் தண்ணி ஆவி, ஒண்டும் செய்யாது" என்கிறான். இரண்டு கதையும் பிழை. முதல் கதையை நம்பினால் "ஒன்றுதான் என்றால் சிகரெட்டையே பத்தலாமே" என்று திரும்பிப் போவீர்கள். இரண்டாவதை நம்பினால் காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு கண் மூடும்வரை அதை வாயிலேயே வைத்திருப்பீர்கள். இரண்டில் முதலாவதுதான் கூட ஆபத்து என்பது என் கட்சி. இந்த நாட்டில் புகைப்பவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப்பேர் வேப்பும் சிகரெட்டும் ஒரே அளவு கேடு, அல்லது வேப்தான் கூடக் கேடு என்று நினைப்பதாகக் கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன. அப்படி நினைப்பவர் ஏன் மாறப்போகிறார்?

கவுண்டரில் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறோம். மூச்சை உள்ளே இழுத்து, பதினைந்து செக்கன் பிடித்து, ஒரு மட்டைக் குழாயில் மெதுவாக ஊத வேண்டும். மூச்சில் காபன் மொனொக்சைட் எவ்வளவு என்று திரையில் ஓர் எண் வரும். நாளுக்கு ஒரு பெட்டி முடிப்பவருக்கு இருபது, இருபத்தைந்து என்று ஏறும். அதே ஆள் சிகரெட்டை முழுக்க விட்டு, வேப் மட்டும் இழுத்துக்கொண்டு, சில நாள் கழித்து வந்து ஊதினால் இரண்டோ மூன்றோதான் காட்டும். வாழ்நாளில் புகை தொடாதவருக்கும் ஏறக்குறைய அதுதான் எண். கணவரைக் கையோடு கூட்டிவந்து, "உவர் வேப் எண்டு சொல்லிக்கொண்டு அதையேதான் செய்யிறார், வடிவாப் பாருங்கோ" என்று முறையிட்ட அக்காமார் அந்த எண்ணைக் கண்டதும் கொஞ்ச நேரம் கதைக்காமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

காரணம் எளிது. சிகரெட் எரிகிறது. ஒரு இழுவை இழுக்கும்போது அதன் நுனி 900 பாகை செல்சியஸ் வரை சூடாகிறது. அந்த எரிவில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இரசாயனங்கள் பிறக்கின்றன. அவற்றில் எழுபது அளவில் புற்றுநோயை உண்டாக்குபவை. காபன் மொனொக்சைட், ஒட்சிசன் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்காரும். ஹீமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மாடிப்படியில் ஏறும்போது மூச்சு வாங்கியதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. வேப்பில் எதுவும் எரிவதில்லை. புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், வாசனை, நிக்கொட்டின் நான்கும் சேர்ந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிறது, அவ்வளவுதான். தார் இல்லை, காபன் மொனொக்சைட் இல்லை. அதற்காக அது வெறும் தண்ணி ஆவியும் இல்லை. திரி காய்ந்த பிறகும் விடாமல் இழுத்தால் தொண்டையைச் சுடுமே ஒரு கருகல், அதில் ஃபோர்மல்டிஹைட் இருக்கிறது.

மாறிய முதல் மாதத்தில் உடம்பு காட்டும் கோலங்களைப் பார்த்துப் பயந்து வருபவர்கள் நிறையப் பேர். "சிகரெட் பத்தேக்க இல்லாத இருமல் இப்ப வந்திருக்கு, வேப்தான் காரணம்" என்பார்கள். மூச்சுக்குழாயின் உள்சுவரில் மயிர் போன்ற நுண்ணிழைகள் உண்டு. சளியை மேலே தள்ளிக் கொண்டுவருவது அவற்றின் வேலை. புகை அவற்றை மரத்துப்போகச் செய்கிறது. புகை நின்றதும் அவை திரும்ப அசையத் தொடங்கி, உள்ளே கிடந்ததை எல்லாம் வெளியே அள்ளுகின்றன. சில கிழமைகளில் குறைந்துவிடும். குறையாவிட்டால், அல்லது சளியில் இரத்தம் கண்டால், வேப்பா சிகரெட்டா என்று விவாதிக்காமல் உடனே ஜீபியிடம் போங்கள்.

பல் துலக்கும்போது முரசில் இரத்தம் வருகிறதென்று இன்னொரு முறைப்பாடு. புகைக்கும் காலத்தில் முரசின் இரத்த ஓட்டம் சுருங்கியிருக்கும். உள்ளே நோய் இருந்தாலும் இரத்தம் கசியாது, தெரியாது. இப்போது ஓட்டம் திரும்புகிறது, பழைய நோய் முகம் காட்டுகிறது. பல் வைத்தியரைப் பார்க்க இதைவிட நல்ல சாட்டு இல்லை. வாய்ப்புண் வரலாம், அதுவும் ஆறிவிடும். வாயும் தொண்டையும் வறண்டுபோவதற்கு மட்டும் வேப்பையே குற்றம் சொல்லலாம். கிளைக்கோல் ஈரத்தை உறிஞ்சும் சாமான். தண்ணீர் குடியுங்கள்.

யாரும் சொல்லித்தராத ஒரு விசயம் இருக்கிறது, அது தேத்தண்ணி. புகையிலுள்ள தார்ப் பொருட்கள் ஈரலில் ஒரு நொதியத்தை முடுக்கிவிடுகின்றன. கஃபீனை உடைத்து வெளியேற்றுவது அந்த நொதியம்தான். ஆகவே புகைப்பவர் எத்தனை கோப்பை குடித்தாலும் கஃபீன் சீக்கிரமே கழிந்துபோகும். புகை நின்று ஒரு கிழமைக்குள் நொதியம் பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். அதே கோப்பை இப்போது இரண்டு கோப்பையின் வேலையைச் செய்யும். நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது, கை நடுங்கும். "வேப் ஒத்துவரேல்லை" என்று சிகரெட்டுக்குத் திரும்பிப் போன ஆட்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் விட வேண்டியிருந்தது பின்னேரத்துக் கோப்பியை. நொதியத்தை முடுக்கியது புகை, நிக்கொட்டின் இல்லை. அதனால்தான் நிக்கொட்டின் குறையாமலே இந்த மாற்றம் வருகிறது.

இதே நொதியம் சில மருந்துகளையும் கையாள்கிறது. குளோசபின், ஒலன்சபின் எடுப்பவர் புகையை நிறுத்தினால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறும். போர் விட்டுப்போன மனக்காயத்துக்கு மருந்து எடுப்பவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. வெளியே சொல்ல வேண்டாம். ஆனால் சிகரெட்டை நிறுத்தப்போகிறேன் என்று உங்கள் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்; அளவை மாற்ற வேண்டியிருக்கும். வார்ஃபரின் எடுப்பவர்களும் அப்படியே.

சரி, மாறியதால் உண்மையில் பலன் இருக்கிறதா? 2019இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் பீற்றர் ஹாயெக் தலைமையில் ஓர் ஆய்வு வெளியானது. புகையை நிறுத்த உதவி கேட்டு வந்த 886 பேரில் ஒரு பாதிக்கு வேப். மறு பாதிக்குப் பாட்ச், சுவிங்கம் போன்ற நிக்கொட்டின் மாற்றுகள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வேப் பக்கத்தில் 18 சதவீதம் பேர் புகையை விட்டிருந்தார்கள். மற்றப் பக்கத்தில் 9.9 சதவீதம். இருமலும் சளியும் வேப் பக்கத்தில் கூடுதலாகக் குறைந்திருந்தன. அதே ஆண்டு ஸ்கொட்லாந்தில் டண்டீயில் நடந்த ஆய்வொன்றில், வேப்புக்கு மாறி ஒரு மாதத்துக்குள்ளேயே இரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கும் தன்மை தேறியது தெரிந்தது.

ஹாயெக்கின் ஆய்வில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது வேறு ஓர் எண்ணைப் பற்றி. வேப் மூலம் புகையை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் வருட முடிவிலும் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பக்கத்தில் பாட்ச், சுவிங்கத்தை விடாமல் வைத்திருந்தவர்கள் 9 சதவீதம்தான். இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனமில்லை. புகை போய்விட்டது, அதுதான் பெரிய காரியம். ஆனால் நிக்கொட்டின் போகவில்லை. நாங்கள் வீடு மாறியிருக்கிறோம், வாடகை கட்டுவதை நிறுத்தவில்லை.

தென் லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையோடு இணைந்து வேலை செய்த மனநல வைத்தியர் மைக்கல் ரசல் 1976இலேயே இதை எழுதிவிட்டார். மனிதர் புகைப்பது நிக்கொட்டினுக்காக, சாவது தாரினால் என்பது அவர் சொன்னதன் சாரம். அரை நூற்றாண்டாகிறது. எங்கள் வீடுகளுக்குள் அது இன்னும் வந்து சேரவில்லை. நிக்கொட்டின்தான் புற்றுநோய் தருகிறது என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் நிக்கொட்டினைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தவில்லை.

இதைக் கேட்டுவிட்டுச் சந்தோசப்பட வேண்டாம். நிக்கொட்டின் இதயத் துடிப்பைக் கூட்டும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். தெற்காசியரான எங்களுக்கு இதய நோயும் சீனி வருத்தமும் இந்த நாட்டின் வெள்ளையரைவிட அதிகம், இளவயதிலேயும் வரும். வயிற்றில் பிள்ளை இருக்கும் காலத்தில் எதுவும் இழுக்காமல் இருப்பதுதான் நல்லது. அதற்கு உதவி தேவையென்றால் மருத்துவத் தாதியிடம் கேளுங்கள், யாரும் ஏசமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நிக்கொட்டின் பிடித்தால் விடாது.

"ரென்சன் வந்தா ஒரு இழுவை, உடனே இறங்கிடும்" என்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றும். உடம்பில் நிக்கொட்டின் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய மனம் அரிக்கத் தொடங்கும், சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல் வரும். ஒரு இழுவையில் அது அடங்கும். இறங்கியது பெரும்பாலும் வேப்பே ஏற்றிவைத்த ரென்சன்.

சிகரெட்டுக்கு ஒரு முடிவு இருந்தது. கடைக்கு வெளியே போய், குளிரில் நின்று, ஐந்தாறு நிமிசத்தில் மிதித்து அணைத்துவிட்டு உள்ளே வருவோம். வேப்புக்கு அந்த முடிவு கிடையாது. ரில்லுக்குக் கீழே ஒன்று, காரில் ஒன்று, தலையணைக்குப் பக்கத்தில் ஒன்று. இரண்டு மில்லிலீற்றர் பொட், மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் என்றால் மொத்தம் 40 மில்லிகிராம் நிக்கொட்டின். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் போவது ஒன்று, ஒன்றரை மில்லிகிராம். பொட்டில் இருப்பது முழுவதும் இரத்தத்தில் சேராது என்றாலும், அது ஒரு நாளைக்குப் போதுமா, அரை நாளில் முடிகிறதா என்று பாருங்கள். எழும்பி எத்தனை நிமிசத்தில் முதல் இழுவை என்றும் பாருங்கள். எவ்வளவு கட்டுண்டு கிடக்கிறோம் என்பதை மற்ற எதையும்விட அந்த நிமிசக் கணக்கு நேராகச் சொல்லும்.

குறைக்க நினைப்பவர்கள் எடுத்தவுடன் 20இலிருந்து 3க்குக் குதிப்பார்கள். லண்டன் சவுத் பாங்க் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நிக்கொட்டினைக் குறைத்ததும் ஆட்கள் தங்களை அறியாமலே நீளமாக இழுத்து, கூடுதல் திரவத்தைக் கரைத்தார்கள்; அதனோடு ஃபோர்மல்டிஹைட்டும் கூட உள்ளே போனது. ஆகவே படிப்படியாக இறங்குங்கள். அதற்கும் முதலில் இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள், படுக்கையறைக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள். இதெல்லாம் சிகரெட் ஆசை முழுக்க அடங்கிய பிறகு செய்யும் வேலை. அவசரப்பட்டு வேப்பை எறிந்துவிட்டு அடுத்த கிழமை சிகரெட் பெட்டியோடு நிற்பதைவிட, ஒரு வருடம் கூட வேப்போடு இருப்பது மேல்.

"முழுக்க" என்று நான் அழுத்திச் சொல்வது, கலியாண வீட்டில் ஒன்று, வேலை முடிய ஒன்று, மற்ற நேரம் வேப் என்று இருப்பவர்களுக்காக. இருபதிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிட்டேன், ஆபத்தும் இருபதில் ஒன்றுதான் என்ற கணக்கு இதயத்துக்குச் சரிவராது. நாளுக்கு ஒரேயொரு சிகரெட் பத்துபவருக்கும், இருபது பத்துபவருக்கு இருக்கும் மேலதிக இதய நோய் ஆபத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கிறது என்று லண்டன் யூசிஎல்லின் அலன் ஹக்‌ஷோ குழு 2018இல் கணக்கிட்டுக் காட்டியது.

இன்னொரு குறுக்குவழியும் எங்கள் சனத்திடம் உண்டு. "புகைதானே கூடாது, வெத்திலையோடு போயிலை போடலாம்தானே" என்கிறார்கள் வயதானவர்கள். புகையிலைத் தோட்டத்திலும் சுருட்டுக் கொட்டிலிலும் சோறு கண்ட ஊர்கள் எங்களுடையவை. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய காலம் இருந்தது. அந்த உரிமையில் கேட்கிறார்கள் போலும். இல்லை ஐயா, கூடாது. மெல்லும் புகையிலை வாய்ப்புற்றுநோய் தரும். பாக்கு, புகையிலை சேராமலே தரும்.

2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்கள் நுரையீரல் பழுதாகிச் செத்த செய்தியை இன்னும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். செய்தி உண்மை. 2020 பெப்ரவரி வரை 68 பேர் இறந்தார்கள், 2,800க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் இழுத்தது கஞ்சா எண்ணெய். அதைத் தடிப்பாக்கக் கலந்த விற்றமின் ஈ அசிற்றேற்தான் முதன்மைச் சந்தேகப் பொருள். இங்கே சட்டப்படி விற்கும் நிக்கொட்டின் திரவத்தில் விற்றமின் சேர்க்கவே கூடாது. பின்கதவால் வரும் பெரிய தாங்கிச் சாமானில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது, அதைத் தொடாதீர்கள்.

கடை நடத்தும் அண்ணன்மாருக்கு ஒரு சொல். சிகரெட் பெட்டிகள் உங்கள் முதுகுக்குப் பின்னால் மூடிய அலுமாரிக்குள், ஊத்தைப் பச்சை நிறத்தில் கிடக்கின்றன. வேப் மட்டும் ரில்லுக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் கண் உயரத்தில், இனிப்புப் பெட்டிகளோடு நிரையாக நிற்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது 2015இலிருந்து குற்றம்; ஒருமுறை பாவித்து எறியும் வேப் 2025 ஜூன் 1இலிருந்து தடை. சட்டம் உங்களுக்கு என்னைவிடத் தெரியும். இருபது வருசம் புகைத்தவருக்கு இது வெளியேறும் வழி. புகையே அறியாத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது உள்ளே வரும் வழி, அந்த மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பள்ளிக்கூட உடுப்போடு வரும் பிள்ளையிடம் அடையாள அட்டை கேட்க வெட்கப்படாதீர்கள். அந்தத் தட்டை இரண்டு அடி உயர்த்தி வைத்தால் வியாபாரம் படுத்துவிடாது.

கடைசியாக ஊருக்குப் போகும் விசயம். ஓகஸ்ட் நெருங்கினால் இதைத்தான் கூடக் கேட்கிறீர்கள். இலங்கையில் வேப் விற்கத் தடை. இந்தியா 2019இல் சட்டம் போட்டு விற்பனையையும் இறக்குமதியையும் தடுத்துவிட்டது. முதல் குற்றத்துக்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம், அந்த வழியாகப் போகிறவர்கள் மறந்துவிடாதீர்கள். ஊரில் வேப் இல்லை, ஆனால் சந்திக் கடையில் சிகரெட் ஒற்றையாகக் கிடைக்கும். வருடக்கணக்கில் புகை தொடாதவர்கள் சறுக்குவது அந்தச் சந்தியில்தான், மச்சான்மார் நீட்டும் ஒற்றையில். போவதற்கு இரண்டு கிழமைக்கு முன் ஏதாவது ஒரு பார்மசிக்குப் போய், நாளுக்கு எவ்வளவு இழுக்கிறீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். அதற்கேற்ற பாட்சும், சட்டென்று ஆசை வந்தால் மெல்ல சுவிங்கமும் தருவார்கள். பாட்சை இங்கேயே ஒருநாள் ஒட்டிப் பாருங்கள். சிலருக்குத் தோல் கடிக்கும், சிலருக்கு இரவில் விசர்க்கனவு வரும், அப்படியென்றால் படுக்கும்போது கழற்றிவிடலாம். சுவிங்கத்தைச் சாதாரண சுவிங்கம்போல் மெல்லக்கூடாது. இரண்டு மூன்று கடி கடித்து, காரம் ஏறியதும் கன்னத்துக்குள் ஒதுக்கி வையுங்கள். காரம் போனபின் திரும்பக் கடியுங்கள். அந்தக் காரத் தண்ணியை விழுங்கிவிட்டால் விக்கல்தான் வரும்.

அன்புடன்,
கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் உங்களில் ஒருவன்
கிழக்கு லண்டன்